வெள்ளிக்கிழமைக்குள் அந்த வாடகைச் சைக்கிள்

மம்பாவ் பக்கத்துத் தோட்டம்,
செவ்வாய்க்கிழமை இரவு.

அன்புள்ள அண்ணன் தங்கராஜுவுக்கு, அம்மா தாயம்மா சொல்ல உன் தங்கை பஞ்சாலை எழுதுவது. அப்பா, அம்மா, நான் மூன்று பேரும் இந்த நிமிடம் வரை ஒரே கூரைக்குக் கீழே இருக்கிறோம். கெமாசில் நீயும் காய்ச்சல் இல்லாமல் கைகால் சுகத்தோடு இருக்க வேண்டும் என்று அம்மா தினமும் விளக்குக்கு முன்னால் நின்று கேட்டுக்கொள்கிறாள். விளக்கில் ஊற்ற எண்ணெய் கிடையாது, வெறும் விளக்கைத் துடைத்து வைத்துத்தான் கும்பிடுகிறாள். தண்டவாளம் கழற்றும் வேலையில் வெறுங்காலோடு நிற்காதே, சாக்காவது சுற்றிக்கொள் என்றாள். ஆற்றுத் தண்ணீரைக் கொதிக்க வைக்காமல் குடிக்காதே என்றாள். ஜப்பான்காரன் பேசினால் புரிந்தாலும் புரியாதவன் மாதிரித் தலையைக் குனிந்து நில் என்றாள். இதை எல்லாம் தபால் அட்டையிலேயே எழுதலாம், ஆனால் மற்றதைத் தபாலில் எழுத முடியாது, பிரித்துப் படிப்பார்கள். சரக்கு ரயில் எஞ்சினில் விறகு தள்ளுகிற முனியாண்டி மாமா விடியற்காலையில் கிழங்கு வாங்க வருவார், அவரிடம் இந்தக் கடிதத்தைக் கிழங்கு மூட்டைக்குள் வைத்துக் கொடுக்கச் சொல்லியிருக்கிறாள். வெளிச்சம் தெரியாமல் தகர டின்னைக் கவிழ்த்து அதன் ஓட்டை வழியாக விழுகிற வெளிச்சத்தில் எழுதுகிறேன், எழுத்து கோணலாக இருந்தால் திட்டாதே. அப்பா தூங்குகிறார். அவருக்கு இது தெரியக்கூடாது.

அப்பா தெமியாங் ஊரில் சைக்கிள் கடை வைத்திருக்கிற சீனத் தவுக்கேயிடம் வாடகைக்குச் சைக்கிள் எடுத்து, பின்னால் கிழங்கு கட்டிக்கொண்டு போய் உப்பும் அரிசிக் குருணையும் மாற்றிக்கொண்டு வருவது உனக்குத் தெரியும். வாடகையும் கிழங்குதான். டயர் எங்கேயும் கிடைக்காததால் அப்பாவே ரப்பர் ஷீட்டைச் சுருட்டிச் சக்கரத்தில் கம்பியால் கட்டியிருந்தார், கம்பி முடிச்சு விழுகிற இடமெல்லாம் ஈர மண்ணில் தழும்பு மாதிரிப் பதியும். அந்தச் சைக்கிள் ஞாயிற்றுக்கிழமை இரவு திருட்டுப் போய்விட்டது. காலையில் எழுந்து பார்த்த அப்பா கயிறு மட்டும் தொங்குவதைப் பார்த்து அப்படியே உட்கார்ந்துவிட்டார். பிறகு தோட்டம் முழுக்க ஓடினார். பைப்படியில் வள்ளிநாயகி அத்தை, "முனீஸ்வரன்தான் எடுத்துக்கிட்டுப் போயிருப்பாரு, அவருக்கும் ராத்திரி ராத்திரி நடந்தே காவல் சுத்திக் கால் வலிக்காதா" என்று சொல்லி எல்லாரையும் சிரிக்க வைத்தாள். பக்கத்து வீட்டு அக்கா மட்டும் சிரிக்கவில்லை, குடம் நிரம்பி வழிந்துகொண்டே இருந்தது, அவள் பார்க்கவே இல்லை.

நேற்றுத் தவுக்கே வந்தார். சைக்கிளுக்குப் பின்னால் ஜப்பான் எழுத்துப் போட்ட தகடு இருக்கிறதாம், அது அவர் பேரில் இருக்கிறதாம். காட்டுக்குள் இருந்து ஜப்பான்காரனோடு சண்டை போடுகிற ஆட்களுக்குக் கொடுத்துவிட்டாயா என்று கேட்டால் என்ன செய்வது என்று அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு, "சன்னாசி, எப்படி லா, ஜப்பான் கேட்டா என் தலை போச்சு" என்று அழுதார். வயதானவர் அழுவதை நான் அதற்கு முன்னால் பார்த்ததில்லை. கங்காணி வந்து, வெள்ளிக்கிழமை வரைக்கும் போலீசுக்குப் போகாதே என்று தவுக்கேயைச் சமாதானப்படுத்தி அனுப்பினார். பிறகு அப்பாவிடம் மெதுவாக, "வெள்ளிக்கிழமை பொழுது சாயறதுக்குள்ள சைக்கிள் வரலன்னா உன் பேரை அடுத்த சயாம் ரயில்ல சேத்துடறேன் சன்னாசி. நீ சயாமுக்குப் போயிட்டா இங்க யாரும் உன்னப் பிடிச்சு அடிக்க முடியாதுல்ல. உனக்கு நல்லதுதான்யா செய்யறேன்" என்றார். உண்மையிலேயே நல்லது செய்கிறவர் மாதிரித்தான் அவர் முகம் இருந்தது. சயாமில் தண்டவாளம் போட ஜப்பான்காரன் ஆள் ஏற்றுகிற அடுத்த ரயிலுக்கு அவருக்கு ஆள் குறைகிறது என்பது எல்லாருக்கும் தெரியும்.

அப்பாவுக்குக் கோபம் வந்தால் என்ன ஆகும் என்று உனக்குத் தெரியும். லயத்து வரிசை வீட்டு ஆட்கள் எல்லாரும் நிற்கும்போதே, "என் லயத்துக்காரன் எவனும் எடுத்திருக்க மாட்டான். வெள்ளிக்கிழமை முனீஸ்வரன் முன்னால சூடம் ஏத்துங்க. ஆம்பள, பொம்பள, புள்ளைங்க அத்தனை பேரும் கையால அணைச்சு, எடுக்கவும் இல்ல எடுத்தவனப் பாக்கவும் இல்லன்னு சொல்லட்டும். அப்புறமா வெளியாளத் தேடுங்க" என்று கத்திவிட்டார். கங்காணி சிரித்துக்கொண்டே, "சொன்னது நீ, நான் இல்ல. யாரு கை பின்னால போவுதுன்னு நானும் பாக்கறேன்" என்றார். அப்பா நியாயமாகத்தான் கேட்டார் அண்ணா. யாரும் அவர் மேல் சந்தேகப்படவில்லை, எல்லாரும் நல்ல யோசனை என்றுதான் சொன்னார்கள். அம்மா மட்டும் வாசல் கம்பத்தைப் பிடித்துக்கொண்டு நின்றாள். சொன்ன சூடத்தை இனி வேண்டாம் என்று சொல்ல முடியாது, சொன்னால் சொன்னவன்தான் திருடன்.

யார் எடுத்தது என்று எனக்குத் தெரியும். ஞாயிற்றுக்கிழமை இரவு ஏதோ சத்தம் கேட்டுப் பலகை இடுக்கு வழியாகப் பார்த்தேன். பேர் எழுதக்கூடாது என்று அம்மா சொல்லிவிட்டாள். மழையில் உன்னோடு பந்து உதைப்பாரே, பக்கத்து வீட்டு அண்ணன், அக்காவின் வீட்டுக்காரர், அவர்தான். போன ரயிலில் சயாமுக்கு ஏற்றிக்கொண்டு போனார்களே, அவர் அங்கேதான் இருக்கிறார் என்று தோட்டத்தில் எல்லாரும் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள், நானும் முதலில் பேய் என்றுதான் நினைத்தேன். தாடியும் எலும்புமாக இருந்தார். அக்கா பின்னால் நின்று சைக்கிளைத் தள்ளினாள், அந்த வயிற்றை வைத்துக்கொண்டு. அவரால் ஒரு காலால்தான் மிதிக்க முடிந்தது, இன்னொரு கால் தொங்கிக்கொண்டு இருந்தது. கொஞ்ச தூரம் போய் விழப் பார்த்தார், அக்கா ஓடிப்போய்ப் பிடித்து மறுபடியும் தள்ளினாள். நான் பாயில் வந்து படுத்துக்கொண்டேன். யாரிடமும் சொல்லவில்லை.

காலையில் நான் எழுந்தபோது அம்மா கூட்டிக்கொண்டு இருந்தாள். எப்போதும் நம் வாசலோடு நிறுத்திவிடுவாள், அன்று அக்கா வீட்டுப் பின்பக்கத்திலிருந்து செம்மண் பாதை முழுக்கக் கூட்டிக்கொண்டு ரோட்டு வரைக்கும் போயிருந்தாள். திரும்பி வந்ததும் துடைப்பத்தைச் சாத்திவிட்டு என்னிடம், "ராத்திரி நல்லாத் தூங்கினல்ல?" என்று கேட்டாள். தூங்கினேன் என்றேன். "நல்லதும்மா" என்றாள்.

இன்று மத்தியானம் அப்பா கிழங்குக் கொல்லைக்குப் போனபிறகு அக்கா நம் அடுப்படிக்கு வந்து அம்மாவின் காலைப் பிடித்துக்கொண்டாள். என்னைத் தண்ணீர் எடுக்கப் போகச் சொன்னார்கள், நான் சுவருக்குப் பின்னாலேயே நின்றேன். அவர் சயாம் போய்ச் சேரவே இல்லையாம், வடக்கே எங்கேயோ ரயில் மெதுவாகப் போகும்போது குதித்திருக்கிறார், முழங்காலுக்குக் கீழே உடைந்து சீழ் வைத்துவிட்டதாம். தோட்டம் தோட்டமாக ஒளிந்து, லாரிச் சரக்குக்கு அடியிலும் மாட்டு வண்டியிலும் படுத்து வந்திருக்கிறார். இங்கே இருந்தால் லயத்தைச் சோதனை போடுவார்கள் என்று உன்னிடம்தான் போயிருக்கிறார். அங்கிருந்து நீ எப்படியாவது ஜொகூரில் இருக்கிற அவர் மாமனிடம் அனுப்பிவிடுவாய் என்று நம்புகிறார். "உங்க வீட்டுக்காரரு சைக்கிள்னு தெரியும்க்கா, வேற ஒண்ணும் கண்ணுக்குத் தெரியல, நான்தான் அவுத்துக் குடுத்தேன்" என்று அக்கா சொன்னாள். வெள்ளிக்கிழமை சூடத்தைத் தான் அணைக்காமல் நின்று எல்லாவற்றையும் ஒத்துக்கொள்வதாகவும் சொன்னாள். அம்மா அவள் வாயைப் பொத்தினாள். சாயந்திரம் அப்பாவிடம், வயிற்றுப்பிள்ளைக்காரி சூடம் அணைக்கக்கூடாது, பிள்ளைக்கு ஆகாது என்று அம்மா சொன்னாள், அப்பாவும் அது சரிதான் என்று கங்காணியிடம் போய்ச் சொல்லிவிட்டார். அக்காவை இப்படிக் காப்பாற்றியாகிவிட்டது. அம்மாவும் நானும்தான் மீதி.

அப்பாவிடம் ஏன் சொல்லவில்லை என்று நீ கேட்பாய். அவர் பொய் சொன்னால் காது சிவந்துபோகும், கங்காணிக்கு அந்தக் காது ஒன்று போதும் என்று அம்மா சொல்கிறாள்.

அம்மா உன்னிடம் கேட்பது இதுதான். அவர் அங்கே வந்து சேர்ந்திருந்தால் கிழங்காவது வேகவைத்துக் கொடு, காலுக்கு வெந்நீரில் உப்புப் போட்டுக் கழுவு. அவரை வேறு வழியில் அனுப்ப முடிந்தால் சைக்கிளை முனியாண்டி மாமாவின் சரக்கு வண்டியில் ஏற்றிவிடு. மாமா ராசா ஊருக்கு இந்தப்பக்கம் வண்டி மெதுவாகப் போகிற இடத்தில் லாலாங் புல்லுக்குள் தள்ளிவிடுவார், எடுத்தவன் பயந்து போட்டுவிட்டுப் போய்விட்டான் என்று ஆகிவிடும். சைக்கிள் கிடைத்துவிட்டால் சூடமும் கிடையாது, அப்பாவுக்குச் சயாமும் கிடையாது. ஆனால் அவரால் சைக்கிள் இல்லாமல் போக முடியாது என்றால் அதை அவரிடமிருந்து வாங்காதே. இதை எழுதும்போது நான் நிறுத்திவிட்டேன். அம்மா, "எழுது" என்றாள். அப்பாவை என்ன செய்வது என்று கேட்டேன். "ஒங்கப்பனுக்கு ரெண்டு காலு இருக்கு. போனாலும் நடந்து வந்துருவாரு. அவனுக்கு எங்க இருக்கு காலு?" என்றாள். சொல்லிவிட்டு அந்தப் பக்கமாகத் திரும்பிப் படுத்துக்கொண்டாள். தூங்கிவிட்டாள் என்று நினைத்தேன், கொஞ்ச நேரம் கழித்து இருட்டிலிருந்து, "நீ பாக்கலன்னு சொல்லிச் சூடத்த அணைச்சிரு. உன் கண்ணுக்கு வர வேண்டியதை என் கண்ணுக்குக் குடுத்துடுன்னு சாமிகிட்டச் சொல்லிட்டேன்" என்றாள்.

இதுவரை எழுதியது அம்மாவுக்குத் தெரிந்தது. இப்போது அவள் நிஜமாகவே தூங்கிவிட்டாள், இனி எழுதுவது அவளுக்குத் தெரியாது. அண்ணா, எனக்கு ரொம்பப் பயமாக இருக்கிறது. நடந்து வந்துவிடுவார் என்று அம்மா சொல்கிறாள், ஆனால் இந்தத் தோட்டத்திலிருந்து சயாமுக்குப் போனவர்களில் இந்த அண்ணனைத் தவிர யார் திரும்பி வந்தார்கள், அவரும் அங்கே போய்ச் சேராததால்தான் வந்தார். பள்ளிக்கூடத்தில் காலையில் ஜப்பான் ராஜாவுக்காகக் கிழக்கே பார்த்துக் குனியும்போது பக்கத்தில் நிற்கும் மங்கம்மா என் கை நடுங்குவதைப் பார்த்து, "என்னடி, காய்ச்சலா" என்று கேட்டாள். ஆமாம் என்று சொல்லி வைத்தேன். சூடத்தை அணைக்கும்போதும் இப்படி நடுங்கினால் கங்காணி பார்த்துவிடுவார். முனீஸ்வரனுக்கும் தெரியும். அம்மாவின் கண்ணை அவர் எடுத்துக்கொண்டால் நான் என்ன செய்வேன். அப்பா இன்று சாப்பிடும்போது என் தலையைத் தடவி, "நீ எனக்குப் பின்னாலயே வந்து அணைச்சிடு பாப்பா, தப்புப் பண்ணாத புள்ளைய சாமி ஒண்ணும் பண்ணாது" என்று சொன்னார். நான் என் கிழங்கை எடுத்து அவர் தட்டில் வைத்துவிட்டேன்.

அதனால் நான் கேட்பது வேறு. அவர் கால் எப்படி இருந்தாலும் சைக்கிளை அனுப்பிவிடு. அவரை நீ முதுகில் தூக்கிக்கொண்டு போ, சரக்கு வண்டியில் மரத்துக்கு நடுவில் படுக்க வை, என்ன வேண்டுமானாலும் செய். எனக்கு அப்பா வேண்டும். இப்படி எழுதினேன் என்று அக்காவுக்குத் தெரிந்தால் என்னைப் பற்றி என்ன நினைப்பாள் என்று யோசித்தேன், சுவருக்கு அந்தப்பக்கம் அவள் புரண்டு படுப்பது இங்கே கேட்கிறது, அவளும் தூங்கவில்லை. இந்த வரிகளை அடித்துவிடலாம் என்று பென்சிலை வைத்தேன், அடிக்க மனம் வரவில்லை. அம்மா சொன்னதையும் அழிக்க மனம் வரவில்லை. இரண்டும் அப்படியே இருக்கட்டும். நான் பார்த்தது இருட்டில், வெளிச்சத்தில் அவர் காலைப் பார்க்கப்போவது நீதான். பார்த்துவிட்டு எது சரியோ அதைச் செய், சைக்கிள் வந்தாலும் வராவிட்டாலும் நான் உன்னை ஒன்றும் கேட்க மாட்டேன். வராவிட்டால் வெள்ளிக்கிழமை அப்பாவுக்குப் பின்னால் போய் நின்று, பார்க்கவில்லை என்று சொல்லி அணைத்துவிடுவேன். நடுங்காமல் இருக்க இன்று சாயந்திரம் முழுக்க அடுப்பு நெருப்புக்கு மேலே கையை நீட்டிப் பழகினேன், கொஞ்சம் பழகிவிட்டது.

கோழி கூவுகிறது, முனியாண்டி மாமா வருகிற நேரம். நீ நல்லபடியாக இருந்து, நல்ல இடத்தில் பெண் எடுத்து, அம்மா கையால் ஒரு நாள் நெல்லுச்சோறு சாப்பிட வேண்டும் என்று அம்மா ஆசீர்வாதம் சொல்லச் சொன்னாள். மாமாவிடம் பதில் எழுதிக் கொடுக்காதே, வாயாலும் சொல்லி அனுப்பாதே. படித்தவுடன் இதை அடுப்பில் போட்டு, எரிந்து முடிகிற வரை பக்கத்திலேயே நில்.

இப்படிக்கு,
உன் அம்மா தாயம்மாவின் கை நாட்டுக்குப் பதிலாக,
தங்கை பஞ்சாலை.