ஒன்றரை முழக் காற்று

நேற்று துப்பாக்கி சுட்ட கை இன்னும் நாறுகிறது. சோப்பு போட்டுக் கழுவினேன், காலையில் இறாலும் உரித்தேன்; இறால் வாசனைக்கு அடியில் கருகிய மருந்து வாசனை அப்படியே இருக்கிறது. “இன்னாடி இது, தீவாளி முடிஞ்ச மாதிரி” என்று அம்மா மூக்கைச் சுளித்தாள். ஒரு காலித் தோட்டாக் குப்பியையாவது உனக்காக எடுத்து வரலாம் என்று நினைத்தேன். விடவில்லை. எல்லாவற்றையும் எண்ணி வாங்கிக்கொண்டார்கள். உங்கள் படையிலும் அப்படித்தான் என்பாய். “காலி கோக்கா ஒண்ணு கொறைஞ்சா கம்பெனியே மண்டி போட்டுப் புல்லுல தேடும்மே.”

கோட்டைக்குப்பத்தில் நமக்கு ஒரே தெரு, பொன்னேரி கல்லூரிக்கு ஒரே பஸ். நீ பட்டாளத்துக்குப் போனாய். நான் என்.சி.சி. வழியாகத் துப்பாக்கிச் சங்கத்தில் நுழைந்தேன். லீவில் வந்தால் மற்றவர்கள் உன்னிடம் பனியைப் பற்றிக் கேட்பார்கள். நான் தோட்டாவைப் பற்றிக் கேட்பேன். கவிழ்த்துப் போட்ட படகின் மேல் உட்கார்ந்து நாம் போட்ட சண்டையைப் பார்த்துவிட்டு, இதுகளுக்குப் பேச வேறு எதுவும் கிடைக்கவில்லையா என்று ஊரே சிரித்தது.

உன் கட்சி 7.62 மில்லிமீட்டர் தோட்டா. என் கட்சி ஆறரை மில்லிமீட்டர். ஆறரையின் குண்டு ஒல்லி, நீளம். காற்றைக் கிழித்துக்கொண்டு போகும், தோளையும் அவ்வளவாக இடிக்காது. சங்கத்தில் இருந்த 7.62 எண்ணூறு, தொள்ளாயிரம் மீட்டரைத் தாண்டினால் ஒலியின் வேகத்துக்குக் கீழே இறங்கித் தள்ளாடத் தொடங்கும். ஆறரை ஆயிரத்துக்கு அப்பாலும் நேராகப் போகும். இதையெல்லாம் நான் அடுக்கினால் நீ பீடியைக் காதில் செருகிக்கொண்டு சிரிப்பாய்.

“நீ காயிதத்த சுடுற. காயிதம் ஓடாது. எங்களுக்கு மெஷின்கன்னுக்கும் அதே தோட்டா, ரைஃபிளுக்கும் அதே தோட்டா. ஒரு பொட்டி வந்தா எல்லாருக்கும் ஆவும். உன் ஆறரை எங்கிருந்துமே வரும்? கப்பல்லயா?”

“கப்பல்லதான். அதுக்கின்னா?”

“கப்பல் வரலன்னா?”

அப்போது பேச்சை மாற்றுவேன். குழல் சீக்கிரம் தேய்ந்துபோகும் என்று ஆறரையின் மேல் இன்னொரு குற்றமும் சொல்வாய். ஆனால் புதிதாக வந்த .338 ஸ்னைப்பர் துப்பாக்கியைப் பற்றிப் பேசும்போது மட்டும் உன் கண் மாறும். பெரிய குண்டு. ஒன்றரைக் கிலோமீட்டர் வரை சொன்னபடி கேட்கும், அந்தத் தூரத்திலும் அதில் அடி மிச்சமிருக்கும். “அது லாஞ்சுமே. நம்புளுது கட்டுமரம்” என்றாய். அந்தத் துப்பாக்கியைத் தொடத்தான் ஸ்னைப்பர் பயிற்சிக்குப் பெயர் கொடுத்தாய். முதல் தேர்விலேயே தேறாமல் வெளியே வந்தாய்.

வெளியே வந்த கதையை நீ சொன்ன விதம் எனக்கு மறக்காது. பக்கக் காற்று அடிக்கிறது, உனக்குத் தெரிகிறது. காற்று தெரியாத பிள்ளையா நம் ஊரில் இருக்கிறது? ஆனால் காற்று தள்ளும் அளவில் பாதிதான் விட்டுக் குறி பார்த்திருக்கிறாய். குண்டுகள் எல்லாம் பலகையின் ஓரத்தில். ஏன் பாதி என்று பயிற்சி கொடுக்கும் உஸ்தாத் கேட்டிருக்கிறார்.

“இன்னா சொன்ன?”

“போகப் போகப் பாத்துக்கலாம்னு நெனச்சேன் சார்னு சொன்னேன்.”

“த்தூ!”

“தெரிஞ்ச இந்தியில சொன்னேன்மே. கிரவுண்டு முழுக்க உருட்டிட்டாரு.”

சிரித்து முடித்த பிறகுதான் எனக்கு உறைத்தது. நானும் அதையேதான் செய்துகொண்டிருந்தேன். நம் ஏரியில் படகு ஓட்டுகிறவன் காற்றுக்கு முழுதாக விட்டுக்கொடுக்க மாட்டான். மூக்கைக் கொஞ்சம் திருப்பி வைப்பான், தள்ளத் தள்ளச் சரி செய்வான். நம் உடம்பில் ஊறியது அது. குண்டுக்குச் சுக்கான் இல்லை. குழலை விட்டுப் போன பிறகு அதை எவனும் திருப்ப முடியாது. என் பயிற்சியாளர் எனக்குக் காற்றே புரியவில்லை என்று எழுதி வைத்திருந்தார். காற்று புரிந்ததுதான் என் கோளாறு என்று அவருக்குச் சொல்லி விளக்க முடியவில்லை.

அடுத்த தேர்வுக்குத் தயார் செய்ய வேண்டும் என்றுதான் அந்த லீவில் வந்தாய். படகில் ஆள் குறைகிறது என்று உன் நைனாவோடு கடலுக்குப் போனாய். திரும்பி முகத்துவாரத்தில் நுழையும்போது படகு தரை தட்டியது. பின்னாலிருந்து வந்த அலை கவிழ்த்தது. உன் நைனாவைக் கரைக்குக் கொண்டுவந்தார்கள். உன்னையும் கொண்டுவந்தார்கள், ஆனால் தாமதமாக.

முகத்துவாரம் மணல் மூடிக் கிடப்பது எல்லோருக்கும் தெரியும். தூர்வாரச் சொல்லி ஊர் போகாத ஆபீஸ் இல்லை. போகப் போகப் பார்த்துக்கொள்ளலாம் என்று அங்கேயும் சொன்னார்கள். நீ சொன்னதற்கு உன்னை உருட்டினார்கள். அவர்கள் சொன்னால் அவர்களுக்கு டீ வருகிறது.

நீ போன பிறகு நடந்ததைக் கேள். மீனவருக்கான நிவாரணம் கேட்டுப் போனோம். “அவர் மீனவர் இல்லம்மா, மிலிட்டரி” என்றார்கள். மிலிட்டரி பக்கம் கேட்டோம். லீவில் இருந்தவர், பணியில் இல்லை என்றார்கள். கடலில் செத்தவன் மீனவன் இல்லை, லீவில் செத்தவன் சிப்பாய் இல்லை. அப்புறம் யாருடா நீ?

உன் நைனா ஒன்றைத்தான் திரும்பத் திரும்பச் சொல்கிறார். “அவன் தப்பா ஓட்டல. அலை எழும்புறதுக்கு முன்னாடியே இஞ்சின முழுசா முடுக்கிட்டான். பாதி வேலை வெக்கல. கீழ தண்ணிதான் இல்ல.” அவர் சொல்வது எனக்குப் புரியும். நீ திருத்திக்கொண்டுவிட்டாய்.

நேற்று மாநில அணிக்கான தேர்வு. அறுநூறு மீட்டர். நீ கேட்ட கப்பல் வரவில்லை. சங்கத்தின் ஆறரைத் தோட்டா துறைமுகத்திலோ காகிதத்திலோ எங்கேயோ சிக்கிக் கிடக்கிறது. சொந்தத் துப்பாக்கியோடு காரில் வந்து இறங்கியவர்களிடம் சொந்தத் தோட்டா இருந்தது. மற்றவர்களுக்கு 7.62 பெட்டி ஒன்று. ஒரு பெட்டி வந்தால் எல்லோருக்கும் ஆகும். பிரித்துக் கொடுத்தார்கள்.

செம்மண் மைதானம், இடது பக்கமிருந்து காற்று, கொடிகள் பாதி நிமிர்ந்திருந்தன. அந்தக் காற்றில் ஆறரை ஒரு முழம் தள்ளும். உன் தோட்டா ஒன்றரை முழம் தள்ளும். குறியைக் காற்றுக்கு ஏற்ப நகர்த்தும் திருகை என் கை வழக்கம்போலப் பாதியில் நிறுத்தியது. பக்கத்தில் படுத்திருந்தவள் சுடத் தொடங்கிவிட்டாள். பிறகு மிச்சத்தையும் திருப்பினேன். முதல் குண்டுக்கே ஒன்றரை முழம், முழுசாக. பலகையின் நடுவைவிட்டு ஒன்றரை முழம் இடது பக்கம் தள்ளிக் குறி வைத்த மாதிரி உடம்பு கூசியது. குண்டு நடுவில் போய் உட்கார்ந்தது.

பட்டியலில் என் பெயர் கடைசி. ஆனால் இருக்கிறது. ஆறரை இருந்திருந்தால் மேலே வந்திருப்பேன். அந்தச் சண்டையில் நான் இன்னும் தோற்கவில்லை, தெரிந்துகொள்.

சாயங்காலம் உன் நைனாவிடம் சொன்னேன். வலையிலிருந்து கண்ணை எடுக்காமல், “காத்து எவ்ளோ குடுத்த?” என்றார்.

“முழுசா, மாமா.”

தலையாட்டினார். “நாளன்னிக்கு ஆபீசுக்குப் போறோம், முகத்துவாரத்துக்கு. நீயும் வா. பேச ஆள் வேணும்.”

போகிறேன். பாதி பேசிவிட்டு மிச்சத்தை அடுத்த மாதம் பார்த்துக்கொள்ள எனக்கு இனி வராது. நீ எனக்கு விட்டுப் போனது அதுதான். இந்தக் கை நாற்றமும் இருக்கட்டும் என்று நான் மறுபடி கழுவவில்லை.