மாதம்மாள் கொண்டுவந்த மாத்திரைகள்

ஐப்பசி, செவ்வாய் இரவு

அதியமான்கோட்டை மாதம்மாள் இன்று ஆய்வகத்துக்கு வந்திருந்தார். போன வாரம்தான் கணவரைப் பறிகொடுத்தவர். கால் புண், எந்த மருந்துக்கும் கேட்கவில்லை. அந்தப் புண்ணின் சீழைச் சோதித்தவள் நான்.

முந்தானையில் முடிந்திருந்த மாத்திரை அட்டைகளை மேசையில் வைத்தார். ஒவ்வொன்றிலும் பாதி மீதி.

"வலி வுட்டதும் நிறுத்திப்புடுவாருங்க மேடம். வீணாக்காம எடுத்து வெச்சேன். வேற ஆருக்காச்சும் ஆவுமுங்களா?"

மாத்திரையைப் பாதியில் நிறுத்தினால் கிருமி மருந்துக்கு அடங்காமல் போவதைப் பற்றிப் பதினொரு கட்டுரை எழுதியிருக்கிறேன். எல்லாம் ஆங்கிலத்தில். அந்த மனிதர் மூன்று முறை வந்தார். மூன்று முறையும் பஞ்சில் சீழை ஒற்றி எடுத்துக்கொண்டு அனுப்பிவிட்டேன். அவரிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

இன்று சொன்னால், தான் பத்திரப்படுத்தியதே அவரைக் கொன்றது என்று இவர் நினைத்துக்கொள்வார்.

"ஆவுங்கம்மா" என்று வாங்கிக்கொண்டேன்.