செத்த நேரம் நில்லு

மே 4, ஞாயிறு
வெயில் கொல்கிறது. பூசை முடிந்து வந்ததும் குழாயில் தண்ணீர். குடம், அண்டா, பேசின் எல்லாம் பிடித்தாயிற்று.

எதிர்வீட்டு மாடியில் காலேஜ் பிள்ளைகள் ஆட்டம். ஸ்பீக்கரில் என் குரல்! "செத்த நேரம் நில்லு!"

எண்பதுகளில் எங்கள் மெல்லிசைக் குழு போட்ட ஒரே கேசட். தபேலா காஜா தாளத்தில் முந்தி ஓட, பாட்டுக்கு நடுவிலேயே அதட்டினேன். ஒரே மூச்சில் பதிவு, வெட்ட வழியில்லை, அப்படியே வெளியே வந்தது. இப்போது யாரோ சென்னைப் பையன் அந்த அதட்டலை மட்டும் திரும்பத் திரும்ப ஓடவிட்டு டான்ஸ் பாட்டாக்கியிருக்கிறான். நன்றாகத்தான் இருக்கிறது. மாவு கரைக்கும்போது கால் தானாக ஆடியது.

மே 5, திங்கள்
கேஸ் புக் செய்யணும். மாத்திரை தீர்ந்தது.

எதிர்வீட்டுப் பெண் போனில் அந்தப் பாட்டைக் காட்டினாள். கீழே பெயர்கள். கீபோர்டு: அந்தோணி. தபேலா: காஜா. பெண்குரல்: யாரென்று தெரியவில்லை.

தெரியவில்லையாம்!

அந்தோணி மாஸ்டருக்குப் போன் போட்டேன். "பாடுனது யாருன்னு கேட்டாங்கம்மா. ஒங்க வீட்டுக்காரரு சத்தம் போடுவாருன்னு தெரியாதுன்னுட்டேன்."

கல்யாணம் பேசியபோது இவர் சொல்லித்தான் கேசட் அட்டையில் என் பெயரை எடுத்தார்கள். இன்றைக்கும் அதே பல்லவி. "பேரம்பேத்தி எடுத்தாச்சு. இனிமே பேரு எதுக்கு?"

ராத்திரி வெஞ்சனம் கிடையாது. ரசம் மட்டும்.

மே 7, புதன்
சாயங்காலம் தூறல், புழுதி வாசனை. நாளை வடமதுரையில் தங்கச்சி மகள் ரிசப்ஷன். மாம்பழக் கலர் பட்டு அயர்ன் ஆச்சு.

இவர்: "அங்க அந்தப் பாட்டப் போடுவாய்ங்க. பக்கத்துல போயிராத."

சரி என்று நான் சொல்லவில்லை.

மே 8, வியாழன்
பிரியாணியில் உப்பு கம்மி. மண்டபத்தில் ஏசி வேலை செய்யவில்லை.

பாட்டைப் போட்டார்கள். பிள்ளைகள் குதிக்கிறார்கள். மேடையேறி மைக்கை வாங்கினேன். "இந்தக் குரலு யாருன்னு தெரியாதாம்ல? நான்தான். எஸ். ஜெசிந்தா, திண்டுக்கல்." பாடியபோது இருந்த இன்ஷியல்.

டிஜே பையன் சிரித்தான். "பெரியம்மா, சும்மா சொல்லாதீங்க."

அதற்குள் மேடைக்குக் கீழே இவர். முகம் சிவந்து, "போதும், எறங்கு. கார் வந்திருச்சு."

மைக் என் கையில்தான் இருந்தது. கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் இவரிடம் 'ங்க' போடாமல் பேசியதே இல்லை.

"செத்த நேரம் நில்லு!"

மண்டபமே கத்தியது. அதே குரல் என்று எல்லோருக்கும் தெரிந்துவிட்டது.

இவர் நின்றார்.