பட்டாளத்துக் கூடுகள்

லூயிஸ்டவுன், மொண்டானா
19 ஆகஸ்ட் 1966

அன்புத் தங்கை ஆர்டிஸுக்கு,

ஓரின் எழுதுவது. உறை மேல் இருப்பது உன் அண்ணி லோர்னாவின் கையெழுத்து. என் கையெழுத்தைப் பார்த்தால் உன் வீட்டுக்காரன் கிளேட்டன் பிரித்துவிடுவான் என்பதால் அவளை எழுதச் சொன்னேன். நீ தனியாக இருக்கும்போது படி.

இங்கே தீவனப் புல் இரண்டாம் அறுப்பு முடிந்தது. மழை இல்லை. அலாஸ்காவில் இதற்குள் குளிர் தொடங்கியிருக்கும்.

போன வாரம் ஆட்டுப் பட்டிப் பக்கம் ஓநாய்க்குட்டி மாதிரி ஒரு கயோட்டி வந்தது. லோர்னா என் ரைபிளை எடுத்துச் சுட்டாள். சத்தமே வேறு மாதிரி இருந்தது. நான் ஓடிப் போனபோது, "ஓரின், என் மூஞ்சியில என்னமோ அடிச்சுதே, கண்ணு இருக்கா பாரு" என்று என் சட்டையைப் பிடித்துக்கொண்டாள். கன்னமெல்லாம் கரி. மூக்குக்கண்ணாடி காப்பாற்றியது. துப்பாக்கியின் போல்ட் திறக்கவில்லை, மரக்கட்டையால் தட்டித் திறந்தேன். தோட்டாவின் அடியில் மருந்தைப் பற்றவைக்கும் கேப் ஓட்டையாகி, நெருப்புக் காற்று பின்பக்கமாக வந்திருக்கிறது.

அந்தத் தோட்டா, நீங்கள் அலாஸ்காவுக்குப் புறப்பட்ட அன்று நான் கிளேட்டனுக்குப் பெட்டியில் கொடுத்த இருபது போக மிஞ்சியது; எல்லாம் ஒரே மாலையில் நான் மருந்து அடைத்துப் போட்டவை.

நான் தோட்டா போடுவதை நீ எத்தனையோ முறை பார்த்திருக்கிறாய். கடையில் வாங்கிய பித்தளைக் கூடும், பட்டாளம் கழித்துவிட்ட கூடும் வெளியே ஒரே அளவு. பட்டாளத்துக் கூட்டுக்குச் சுவர் தடிமன்; உள்ளே இடம் குறைவு. கடைக் கூட்டுக்கு அளந்த வெடிமருந்தை அதில் கொட்டினால் அழுத்தம் எகிறிவிடும். அதனால் இரண்டையும் தனித்தனி டப்பாவில் வைப்பேன், பட்டாளத்துக் கூட்டுக்கு மருந்தைக் குறைப்பேன்.

கூடுகள் கலந்துவிட்டன, தெரியாமல் நடந்தது என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். அப்படி எழுதிய தாளைக் கிழித்துப் போட்டேன். பட்டாளத்துக் கூட்டின் அடியில் கேப்பை இறுக்கிய ஒரு வளையம் இருக்கும். அதைக் கத்தியால் சீவாமல் புதுக் கேப் உள்ளே போகாது. ஒவ்வொன்றாகச் சீவினேன், ஆர்டிஸ். சீவும் கைக்கு அது எந்தக் கூடு என்று தெரியாதா? தராசில் மருந்தை மட்டும் குறைக்கவில்லை. அன்று சாப்பாட்டு மேசையில் உன் மணிக்கட்டில் நீலமாய் நான்கு விரல் தடம் பார்த்துவிட்டு வந்திருந்தேன். "கதவு இடிச்சிருச்சு" என்றாய்.

அந்தப் பெட்டியை அவன் கையில் படாமல் எடு. பிரித்துப் பார்க்காதே. ஆற்றின் ஆழத்தில் போட்டுவிடு. மூஸ் மான் வேட்டை தொடங்குமுன் இது உன்னிடம் வந்து சேர வேண்டும். கடவுள் உன்னைக் காக்கட்டும்.

உன் அண்ணன்,
ஓரின்

*

9 செப்டம்பர் 1966

அன்புள்ள ஓரின் அண்ணாவுக்கு,

உன் கடிதம் வெள்ளிக்கிழமை தபால் விமானத்தில் வந்தது. கிளேட்டன் செவ்வாய்க்கிழமை காலைதான் வேட்டைக்குப் புறப்பட்டார். நடுவில் நான்கு நாள்.

பெட்டி அடுப்புக்கு மேலே பலகையில்தான் இருந்தது. கை நீட்டினால் எட்டும். வெள்ளியன்று எடுக்கவில்லை. சனியன்று ரொட்டி கருகிப் போயிற்று என்று தட்டை என் மேல் வீசினார். அன்றும் எடுக்கவில்லை. ஞாயிறு, திங்கள் இரண்டு நாளும் என்னிடம் அன்பாக இருந்தார். மீன் பிடித்து வந்து அவரே சமைத்தார். அதைச் சாப்பிட்டுக்கொண்டே பெட்டியைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தேன்.

செவ்வாயன்று அதை எடுத்துக் கோட்டுப் பையில் போட்டுக்கொண்டு, "மச்சான் போட்டுக் குடுத்தது. உன் அண்ணனுக்கு என்னைப் பிடிக்காட்டியும் வேலை சுத்தம்டி" என்று சிரித்தார். நான் மூட்டை கட்டிக் கொடுத்தேன். படகு வரை கூடப் போனேன். கயிற்றை அவிழ்த்துக் கொடுத்ததும் நான்தான்.

படகு பத்தடி போயிருக்கும். என் குரல் எப்படி வந்தது என்று தெரியவில்லை. "அந்தத் தோட்டா வேணாம், கூரை ஒழுகி நனைஞ்சு போச்சு, திருப்பிக் குடுங்க" என்று கத்தினேன். "இத முன்னாலயே சொல்றதுக்கு என்ன கேடு, கழுத!" என்று திட்டிக்கொண்டே பெட்டியைக் கரையில் எறிந்தார். கடையில் வாங்கிய தோட்டா அவரிடம் இருந்தது. அதோடு போய்விட்டார். பெட்டியை ஆற்றில் விட்டேன்.

அவர் திரும்ப இன்னும் பத்து நாளாவது ஆகும். நான் திங்கட்கிழமை விமானத்தில் கிளம்புகிறேன். சியாட்டிலில் இறங்கி, வியாழக்கிழமை ரயில் ஏறுவேன். கிரேட் ஃபால்ஸ் ஸ்டேஷனுக்கு லோர்னாவோடு வா. ரைபிளை வீட்டில் வைத்துவிட்டு வா. அவர் தேடிக்கொண்டு வந்தாலும் நீ அதைத் தொடக்கூடாது. அதை முதலில் எனக்குச் சத்தியம் செய்து கொடு.

அந்த நான்கு நாளைப் பற்றி நேரில் என்னை எதுவும் கேட்காதே. நானும் உன்னைக் கேட்க மாட்டேன்.

உன் தங்கை,
ஆர்டிஸ்