பதினேழு எண்ணத் தெரியாத வரிசை

என் வலப்பக்கத்து எஸ்தரக்காவுக்கு,

முதலில் ஒன்றை ஒப்புக்கொண்டுவிடுகிறேன். நீங்கள் இறந்துபோன செய்திக்கு நான் கட்டைவிரல் போட்டேன். நம் கோரஸ் வாட்ஸ்அப் குழுவில் எது வந்தாலும் படிக்காமலே கட்டைவிரல் போடுகிற வழக்கம் உங்களுக்குத் தெரியாததா? ஒத்திகை ஆறு மணிக்கு என்ற செய்திக்கும், புடவை மெரூன் நிறம் என்ற செய்திக்கும் நடுவில் அது கிடந்தது. பம்பு கம்பெனியில் டெஸ்டிங் மேடைப் பக்கம் நின்றபடி மூன்றுக்கும் சேர்த்துப் போட்டுவிட்டு, மோட்டாரை ஓடவிட்டேன்.

மதியம் சோற்று டப்பாவைத் திறக்கும்போதுதான் நடுவில் இருந்ததைப் படித்தேன். டப்பாவை மூடி வைத்துவிட்டேன்.

செவ்வாய்க்கிழமை ஒத்திகை முடிந்து என்னைப் பெரியநாயக்கன்பாளையம் பஸ்ஸில் ஏற்றிவிட்டு, "சனிக்கிழமை வாரேன் அம்மணி, தொண்டைக்கு மிளகு போட்டு ஏதாச்சும் குடி" என்றீர்கள். வியாழக்கிழமை காலையில் துணி காயப்போட மாடிக்குப் போன இடத்தில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டீர்களாம். அவ்வளவுதானா அக்கா? ஒரு ஆள் அப்படிப் போய்விட முடியுமா?

அடக்கம் முடிந்த மூன்றாம் நாளே ஒத்திகை. சென்னையிலிருந்து சிம்பொனி ஆர்கெஸ்ட்ரா வந்து இறங்கிவிட்டது, தள்ளிப்போட வழியில்லை. முன்னால் அத்தனை வாத்தியக்காரர்கள். பின்னால் சம்பளமில்லாமல் பாட வந்த நாம்: பல் டாக்டர், டீச்சர், பேங்க்கில் இருப்பவர், வீட்டில் தெலுங்கு பேசிவிட்டு இங்கே வந்து லத்தீன் பாடுகிற நான். பெண்களில் தணிந்த குரல்காரர்களான நம் ஆல்டோ வரிசையில், உங்களை விட்டால் என்னையும் சேர்த்துப் பதின்மூன்று பேர்.

நாம் நுழைகிற அந்த இடம் உங்களுக்கு மறந்திருக்காது. பதினேழு தாளக் கட்டம் வாத்தியங்கள் மட்டும் வாசிக்கும். நாம் மனசுக்குள் எண்ணிக்கொண்டு நின்று, பதினெட்டாவதில் முதல் குரலாக எழ வேண்டும். நமக்கு வராது என்று, கோலசைத்து எல்லாரையும் நடத்துகிற மாஸ்டர் அதை உச்சக் குரல்காரர்களான சோப்ரானோக்களுக்குக் கொடுக்கப் பார்த்தார். "ஒரு தடவையாச்சும் நாங்க முதல்ல பாடறமுங்க" என்று மல்லுக்கட்டி நீங்கள்தான் வாங்கித் தந்தீர்கள்.

பதினெட்டாவது வந்தது. ஒருவரும் பாடவில்லை. வயலின்கள் தம் பாட்டுக்குப் போய்க்கொண்டிருந்தன. மாஸ்டர் கோலை இறக்கினார்.

"ஆல்டோக்காரங்க எல்லாம் எங்கீங்க போயிட்டீங்க?"

பல் டாக்டர் புவனா மெதுவாகக் கையைத் தூக்கினாள். "நான் எண்ணறதே இல்லீங்க மாஸ்டர். எஸ்தரக்கா மூக்குக்கண்ணாடியை மேல தள்ளுவாங்க. அதைப் பாத்துத்தானுங்க ஆரம்பிப்பேன்."

"நானுமுங்க" என்றார் பின்வரிசை டீச்சர். அப்புறம் இன்னொருத்தர். பதின்மூன்று பேரும் அக்கா, கடைசியில் நானும். தான் மட்டும்தான் திருட்டுத்தனமாகப் பாடுகிறோம் என்று ஆறு வருஷமாக ஒவ்வொருத்தியும் பயந்துகொண்டிருந்திருக்கிறோம். ஒரு மூக்குக்கண்ணாடியை நம்பியா இத்தனை கச்சேரி பாடினோம்?

மாஸ்டர் கோபிக்கவில்லை. "அடுத்த ஒத்திகையிலயும் இப்படின்னா சோப்ரானோவுக்குக் குடுத்தர்றனுங்க. வேற வழியில்லீங்க" என்றார். நீங்கள் சண்டை போட்டு வாங்கிய இடம் உங்களோடு போகப் பார்த்தது.

மறுநாள் உங்கள் வீட்டுக்காரர் டேவிட் அண்ணன் ஸ்கூட்டரில் எங்கள் வீட்டுக்கு வந்தார். சவரம் செய்யாத முகம். கோரஸுக்குத் திருப்பித் தர வேண்டிய உங்கள் கறுப்புப் பாட்டு ஃபைலை நீட்டினார். நாம் நுழைகிற அந்தப் பக்கத்தைத் திறந்தேன். பதினேழாவது கட்டத்துக்கு மேலே பென்சிலில் உங்கள் கையெழுத்து: "எண்ணினா தப்பிப்போகுது. சுகுணா மூச்சு இழுப்பா, தோளு மேல ஏறும். அப்பப் பாடு."

என் பெயரை இன்னொரு தடவை படித்தேன். உங்களைப் பார்த்து நான், என்னைப் பார்த்து நீங்களா?

"உங்களுக்குத் தெரியுமுங்களா அண்ணா?" என்று கேட்டேன்.

"எப்பவோ சொன்னாளுங்க. அவகிட்டச் சொல்லிப்போடாதீங்க, தெரிஞ்சா பயத்துல மூச்சு விடறதையே மறந்துபோயிருவான்னு சிரிப்பா." அதைச் சொல்லும்போது அவரும் சிரிக்கப் பார்த்தார், முடியவில்லை.

உங்கள் மேல் கோபமாக வந்தது. எவ்வளவு தூரம் என்னைத் தெரிந்து வைத்திருந்தீர்கள். யோசித்துப் பார்த்தால், பெரிய வயலின் மாதிரி இருக்கிற அந்தச் செல்லோக்கள் தணிந்து சீராக நிற்கிற இடத்தில் நான் மூச்சு இழுக்கிறேன் போலிருக்கிறது. கம்பெனியில் மோட்டாரின் உதறல் அடங்கி ஒரே சீராக ஓடத் தொடங்கும்போது இழுக்கிற அதே மூச்சு. காது செய்கிற வேலை எனக்கே தெரியவில்லை.

நேற்று அடுத்த ஒத்திகை. நீங்கள் சொன்னபடிதான் ஆயிற்று. தெரிந்துவிட்ட பயத்தில் மூச்சு விட மறந்து நின்றேன். செல்லோக்கள் தணிந்தன, மூச்சை இழுத்தேன், பாடினேன். என் குரல் மட்டும் தனியாகப் போய் அரங்கின் பின்சுவரில் மோதியது. மற்றவர்கள் உங்கள் கண்ணாடிக்காகவே இன்னும் காத்திருந்தார்கள்.

"ஒரே ஒரு தடவை குடுங்க மாஸ்டர்" என்று கெஞ்சினேன். வாத்தியங்கள் மறுபடி தொடங்கின. மூச்சை இழுத்தேன். அப்போது என் விரல் தானாக எழுந்து, கண்ணாடியே போடாத என் மூக்கை மேலே தள்ளியது. பதின்மூன்று பேரும் ஒரே குரலாக எழுந்தோம். யாரும் சிரிக்கவில்லை. புவனாவின் கன்னத்தில் கண்ணீர் இறங்கிக்கொண்டிருந்தது, ஆனால் சுருதி விலகவில்லை. மாஸ்டர் கோலை நிறுத்தவே இல்லை.

நாளை சாயங்காலம் மேடை அக்கா. டேவிட் அண்ணன் முதல் வரிசையில் உட்காருவார். மூச்சை நான் இழுக்கிறேன், வெறும் மூக்கின் மேல் விரலையும் வைக்கிறேன். மற்றவர்கள் அதில் உங்களைப் பார்த்துக்கொள்ளட்டும். நான் மட்டும் வலப்பக்கம் திரும்பிப் பார்க்க மாட்டேன். இது சத்தியம்.

இடப்பக்கத்தில் நிற்கும் உங்கள் தங்கச்சி,
சுகுணா