முத்தல் கரும்பு

மார்கழி 15, வியாழன்
பனி. பெரம்பலூர் கடைத்தெரு முழுக்க இருமல். மதராஸ் மருந்துப் பார்சல் இன்றும் இல்லை. யுத்தம் முடியும்வரை கேட்காதே என்று கடைக்காரன் கடிதம்.

பரவாயில்லை, என் கைமருந்து இருக்கிறது. காலராவுக்குக் கிணற்றில் போடுகிற பிளீச்சிங் பவுடர், சலவைச் சோடா, வடிகட்டத் துணி. புத்தகம் சொல்வதைவிட நாலு மடங்கு காரம். பல்லைத் துளைத்து வேருக்குள் விட்டால் அழுகின நரம்பு ஒரே நாளில் கரைந்து போகிறது. ஐப்பசியிலிருந்து பதினோரு பல். ஒன்றையும் பிடுங்கவில்லை. ஊரே மெச்சுகிறது. நானும்தான்.

வாங்க: பஞ்சு, கிராம்புத் தைலம், மரகதத்துக்குத் தையல் ஊசி (மறந்தால் சோறு கிடையாது).

மார்கழி 20, செவ்வாய்
எப்போதோ பிடுங்கிய கடைவாய்ப் பல் ஒன்றை வெளுக்கட்டும் என்று மருந்தில் போட்டு மறந்திருந்தேன். இன்று இடுக்கியால் எடுத்தேன். இரண்டாகப் போயிற்று. அழுத்தவே இல்லை.

சொத்தையாக இருக்கும். இருக்கலாம். ஊசி மறந்தேன்.

மார்கழி 21, புதன்
மூன்று கிண்ணம். உப்புத் தண்ணீர், நீர்த்த மருந்து, முழு மருந்து. ஒவ்வொன்றிலும் பிடுங்கி வைத்த பற்களில் நல்லதாக மூன்று. சரியாகத் தூக்கமில்லை.

மார்கழி 25, ஞாயிறு
எடைக்கல்லை ஒரு சாண் உயரத்திலிருந்து போட்டுப் பார்த்தேன். உப்புத் தண்ணீர்ப் பல் மூன்றும் முழுசு. நீர்த்ததில் ஒன்று கீறல். முழு மருந்தில் மூன்றும் தூள். மரகதம் எட்டிப் பார்த்து, பல்லை வைத்துக் கோலி ஆடுகிறீர்களா என்றாள். சிரிப்பு வரவில்லை.

பல் வெறும் சுண்ணாம்பு அல்ல. உள்ளே பிடித்து வைக்கும் பசை ஒன்று உண்டு. அழுகலைத் தின்கிற மருந்து அதையும் தின்றிருக்கிறது. ரஞ்சன்குடிக் கோட்டைச் சுவரிலிருந்து, சுண்ணாம்போடு குழைத்துக் கட்டிய கடுக்காய்ச் சாற்றை மட்டும் உறிஞ்சி எடுத்த மாதிரி. பார்வைக்கு நிற்கும்.

பதினோரு பேரில் பத்துப் பேர் கிழம், கரும்பைத் தொட மாட்டார்கள். பதினோராவது செல்லம். குரும்பலூர் பொன்னுசாமி மகள். ஆவணியில் அரியலூரில் கட்டிக் கொடுத்தார். தலைதீபாவளிக்கு வந்த இடத்தில் கிணற்றுப்படியில் விழுந்து முன்பல் செத்துப் போயிற்று. மாமியாருக்குத் தெரியாமல் என்னிடம் பார்த்துக்கொண்டு போனது. போகும்போது நான் சொன்னது: "தலைப்பொங்கலுக்குக் கரும்பு கடிம்மா."

எனக்கு எதற்கு இந்த வாய்?

மார்கழி 26, திங்கள்
அரியலூருக்குக் கார்டு எழுதினேன். கிழித்தேன். கார்டை அந்த வீடே படிக்கும். அப்பனிடம் நேரில் சொல்வதே சரி.

மார்கழி 27, செவ்வாய்
அவரே வந்தார். சந்தையில் வாங்கிய சீர்க் கரும்புக் கட்டை வாசலில் சாத்திவிட்டு உள்ளே வந்து, "புள்ள கடிக்கலாமுங்களா டாக்டரய்யா?" என்றார்.

பெஞ்சில் இரண்டு பேர் உட்கார்ந்திருந்தார்கள். ஒருவர் மிராசுதார். என் கைராசியைப் பற்றித்தான் அதுவரை பேசிக்கொண்டிருந்தார்கள்.

"தாராளமா" என்றேன்.

மார்கழி 29, வியாழன், போகி
விடியலில் ஊரெல்லாம் புகை. சட்டை மாட்டிக்கொண்டு அரியலூர் பஸ்ஸுக்குப் போய் நின்றேன். பெட்ரோல் பஞ்சத்தில் கரியில் ஓடும் பஸ் இருமிக்கொண்டு வந்தது. அங்கே போய் யாரைக் கூப்பிட்டு என்னவென்று சொல்வது? ஏறவில்லை.

மரகதத்திடம் சொல்லவில்லை. ஊசி வாங்கிக் கொடுத்தேன்.

தை 1, வெள்ளி
பொங்கல் பொங்கியது. எனக்குக் கரும்பு வேண்டாம் என்றேன்.

தை 2, சனி
ஒரு சேதியும் இல்லை. தப்பித்துவிட்டதோ? எல்லாப் பல்லும் கிண்ணத்துப் பல் ஆகுமா? சாயங்காலம் கொஞ்சம் சாப்பிட்டேன்.

தை 3, ஞாயிறு
காலையில் வாசலில் மாட்டு வண்டி. உள்ளே செல்லம், முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு. பக்கத்தில் அவளுடைய டிரங்குப் பெட்டி.

பொன்னுசாமி மட்டும் இறங்கி வந்தார். முதல் கடியிலேயே பல் ஈறோடு முறிந்துவிட்டதாம். செத்த பல்லை மறைத்துக் கட்டி வைத்தீர்கள் என்று மாமியார் பெட்டியோடு அனுப்பிவிட்டாளாம். கல்யாணத்துக்குப் பிறகுதான் விழுந்து அடிபட்டது என்றால் யாரும் நம்பவில்லையாம். மடித்த வெற்றிலையைப் பிரித்து நீட்டினார். உள்ளே துண்டுப் பல், பளிச்சென்று வெள்ளையாக.

"எம்மேலதான் தப்புங்கய்யா. முத்தல் கரும்பா வாங்கிட்டேன் போலருக்கு."

மூன்று கிண்ணமும் மேஜையில்தான் இருந்தன. பார்த்தேன்.

"ஆமாம், முத்தல்தான்" என்றேன்.

கையெடுத்துக் கும்பிட்டார்.