வரப்பின் மேல் வைத்த புள்ளி

அனுமந்தை,
நவம்பர் 8, சனிக்கிழமை.

அன்புள்ள என் வீட்டுக்காரருக்கு, அருள்மேரி எழுதுவது.

மாதா புண்ணியத்தில் நானும் ஆன்மேரியும் சுகமாக இருக்கிறோம். உங்கள் முதுகுவலி எப்படி இருக்கிறது? தைலம் தீர்ந்திருக்கும் என்று இன்னாசிராஜ் அண்ணனிடம் இரண்டு பாட்டில் கொடுத்திருக்கிறேன். அவரிடமேதான் இந்தக் கடிதத்தையும் கொடுக்கிறேன்.

போனில் சொல்லியிருக்கலாம். நான் பாதி சொல்வதற்குள் மீதியை நீங்களே சொல்லி முடித்துவிடுவீர்கள். அண்ணன் லீவு முடிந்து மஸ்கட்டுக்குத் திங்கட்கிழமைதான் கிளம்புகிறார். அதற்குள் ஞாயிறு தாண்டிவிடும். தெரிந்தேதான் எழுதுகிறேன்.

ஞாயிறு மாலைக்குள் அந்தப் பெரிய கம்பெனி ஆப்பில் சம்மதம் என்று அழுத்தச் சொன்னீர்கள். அழுத்தினால் நம் சவுக்குத் தோப்பில் டென்ட் போட வருகிறவர்களை இரண்டு வருடத்துக்கு அவர்கள் மட்டும்தான் அனுப்புவார்கள். வாரம் தவறாமல் ஆள் வரும், நீங்களும் கிறிஸ்துமஸோடு வேலையை விட்டுவிட்டு வந்துவிடலாம் என்று நினைத்திருக்கிறீர்கள். நான் அழுத்தப் போவதில்லை. கோபப்படாமல் மேலே படியுங்கள்.

போன வாரம் ஒரு குடும்பம் நமக்கு ஒரே ஒரு ஸ்டார் போட்டதற்கு, பாத்ரூம் கழுவவில்லையா, மீன் குழம்பு சரியில்லையா என்று திட்டினீர்கள். ஒன்றுமில்லை என்று சொன்னேன். அது பொய்.

ஏப்ரலில் நம் இடத்தை அதே ஆப்பில் பதிந்தபோது வீட்டில் சிக்னல் இல்லை, மேப் திறக்கவே இல்லை. போனைத் தூக்கிக்கொண்டு உப்பள வரப்புக்குப் போனேன். நம் ஊரில் எல்லோரும் அங்கே நின்றுதானே பேசுகிறோம்? அங்கே நின்றபடியே இடத்தைக் குறித்ததில், மேப்பில் நம் புள்ளி வரப்பின் மேலேயே விழுந்துவிட்டது. கோடையில் வந்தவர்கள் எல்லோரும் வரப்பு வரைக்கும் போய், நம் தோப்பைப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்தார்கள். உப்பு லாரியே போகிற வரப்பு, இவர்கள் வண்டிக்கு என்ன என்று நானும் விட்டுவிட்டேன்.

மழைக்காலத்தில் அது வரப்பில்லை, சேறு. இரண்டு நாள் மழை பெய்ததும் புக்கிங்கை மூடிவிடுகிறேன் என்றேன். மூடினால் ரேட்டிங் இறங்கிவிடும், வேண்டாம் என்றீர்கள். ஒரு ஸ்டார் போட்ட அந்தக் குடும்பத்தார் அன்றைக்கு நாலு மணிக்குப் பணம் கட்டினார்கள், அஞ்சரைக்கு வந்துவிட்டார்கள். நான் சரி சொல்ல வேண்டிய அவசியமே அந்த ஆப்பில் கிடையாது. அவர்கள் வேன் உப்பளத்துப் பக்கம் திரும்புவதைத் தோப்பிலிருந்து பார்த்தேன். கூப்பிடலாம் என்றால் ஆப்பில் நம்பரைக் காட்ட மாட்டார்கள், மெசேஜ்தான் போடலாம். வண்டி ஓட்டுகிறவர் எப்படிப் படிப்பார்? ஓடினேன். நான் போவதற்குள் வரப்பு உட்கார்ந்து, வேன் பாத்தித் தண்ணீரில் ஒரு பக்கமாகச் சாய்ந்துவிட்டது.

உள்ளே இரண்டு பிள்ளைகள். பெரியதுக்கு நம் ஆன்மேரி வயசு.

உப்பு வேலை இல்லாததால் பாப்பாத்தி அக்கா அங்கே தண்ணீரில் கையால் தடவி இறால் பிடித்துக்கொண்டிருந்தார். அவர் இல்லையென்றால் இந்தக் கடிதமே வேறு மாதிரி இருந்திருக்கும். வேனிலிருந்தவர்கள் பதறிப்போய்த் தாழ்ந்த பக்கத்துக் கதவைத் திறக்கப் பார்த்தார்கள். இடுப்பளவு தண்ணீரில் நின்றுகொண்டு அவர், "அந்தப் பக்கம் யாரும் சாயாதீங்க, வண்டி கவுந்துடும். புள்ளைங்கள மேல்பக்க ஜன்னல் வழியா எங்கிட்ட குடுங்க" என்றார். ஒவ்வொன்றாக வாங்கி என் கையில் கொடுத்தார். சின்னது என் கழுத்தை விடவே இல்லை. வீட்டுக்குக் கூட்டிவந்து துணி மாற்றிவிட்டேன். அந்தப் பிள்ளைகளின் அம்மா ஆப்பில் ஒரு ஸ்டார் போட்டார். வழி சொல்லத் தெரியாதவர்கள் என்று எழுதிவிட்டுப் போனார். சரியாகத்தான் எழுதியிருக்கிறார். அதற்கு மறுப்பு எழுதச் சொல்கிறீர்கள், என்னால் முடியாது.

குயிலாப்பாளையத்தில் நிவேதா என்ற பெண் சின்னதாக ஒரு ஆப் நடத்துகிறாள். போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். வருகிறவரின் நம்பரைத் தருவாள், நாம் சரி சொன்னால்தான் புக்கிங். மழை மாதங்களில் மூடிக்கொள்ளலாம், யாரும் மார்க் குறைக்க மாட்டார்கள். ஆனால் ஆள் குறைவாகத்தான் வருவார்கள் என்று அவளே சொல்லிவிட்டாள். அதை நம்பி நீங்கள் வேலையை விட முடியாது. எனக்கு அது தெரியாது என்று நினைக்காதீர்கள். எட்டு கிறிஸ்துமஸ் நீங்கள் இல்லாமல் குடில் கட்டியவள் நான். இதை எழுத எனக்கு எவ்வளவு வலிக்கிறது என்று உங்களுக்குத் தெரிய வேண்டும்.

மேப்பில் இருந்த புள்ளியை நம் கேட்டுக்கு மாற்றிவிட்டேன். நிவேதா கொடுத்த ஃபாரத்தையும் எழுதி முடித்துவிட்டேன், ஒரு கேள்வியைத் தவிர. வருகிறவர்களை மெயின் ரோட்டில் நின்று கூட்டிவருவது யார் என்று கேட்டிருக்கிறாள். என்னால் சமைத்துக்கொண்டே ரோட்டிலும் நிற்க முடியாது. அந்த இடத்தில் உங்கள் பெயரை, பெலிக்ஸ் என்று பென்சிலால் எழுதி வைத்திருக்கிறேன். பேனாவால் எழுதட்டுமா, அழித்துவிடட்டுமா? வருமானம் குறைந்தாலும் பரவாயில்லை, அழிக்கச் சொல்லாதீர்கள்.

மாதா உங்களைப் பத்திரமாக வழி நடத்தட்டும்.

ரோட்டைப் பார்த்தபடி இருக்கும்,
அருள்மேரி